மட்டக்களப்புக் கடலில் மறைந்த நாசகாரி

பொருநை கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் நின்று கிழக்கே நோக்குவோர் கண்ணுக்குத் தெரிவது நீர்ப்பரப்பு ஒன்றே. அதற்கப்பால் இலங்கை. நம் தாமிரபரணியின் பெயர் பண்டைக்காலத்தில் அத்தீவுக்கும் வழங்கியதை, மாணவர்களே, வரலாற்றில் படித்திருப்பீர்கள். அதன் கீழைக் கரையில், மட்டக்களப்புக்கு அருகே, 1942 ஏப்ரல் 9ஆம் நாள் மூழ்கிய 'வாம்பயர்' என்னும் ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். குருதி குடிக்கும் பேய் என்பது அப்பெயரின் பொருள். பெயர் வைத்தவரின் சுவை எனக்கு விளங்கவில்லை.

நாசகாரியின் தொழில் பெரும்பாலும் காவலே. பெருங்கப்பல்களை டார்ப்பீடோவால் தாக்க வரும் சிறு படகுகளை அழிப்பதற்கென்றே அது தோன்றியது. பின்னர், நீர்மூழ்கிகளை வேட்டையாடும் பணியும் சேர்ந்தது. பகைவன் வானிலிருந்தும் வருவான் என்பதை அதிகம் எண்ணாத காலத்துப் படைப்பு வாம்பயர். 1917இல் இங்கிலாந்தில் அதனை நீரில் இறக்கினர். அதன் பெரும்பீரங்கிகள் நான்கும் தலைக்கு நேர்மேலே வரும் இலக்கை நோக்கி உயரமாட்டா. விமானங்களை எதிர்க்கச் சிறு பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கிகளுமே இருந்தன.

1933இல் ஆஸ்திரேலியாவிடம் வந்த அக்கப்பல், 1939 இறுதியில் மத்தியதரைக் கடலுக்குச் சென்றது. அதனையும் அதன் தோழக் கப்பல்கள் நான்கையும் பழைய இரும்புக் குவியல் என்று ஜெர்மானியர் எள்ளினர். அந்த இரும்புதான் முற்றுகையிலிருந்த தோப்ரூக்கிற்கு உணவும் ஆளும் கொண்டு சேர்த்தது. 1941 டிசம்பர் 10இல், 'ரிபல்ஸ்', 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' ஆகிய பெரும் போர்க்கப்பல்கள் மலேயாவுக்கு அருகே ஜப்பானிய விமானங்களால் மூழ்கியபோது, கடலில் மிதந்தோருள் 200 பேருக்கு மேல் வாம்பயரே மீட்டது. விமானப் பாதுகாப்பின்றிக் கப்பல் செல்வதன் விளைவை அம்மாலுமிகள் அன்றே கண்ணாரக் கண்டனர்.

நான்கு திங்களில் அதே நிலை அவர்களுக்கும் நேர்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பைத் தாக்கிய ஜப்பானியப் படை திருகோணமலையை நெருங்குவதறிந்து, அங்கிருந்த கப்பல்களை 8ஆம் நாள் இரவோடிரவாக வெளியேற்றினர். விமானந்தாங்கியான 'ஹெர்மிஸ்' தெற்கே சென்றது, துணைக்கு வாம்பயர். ஆனால் அவ்விமானந்தாங்கியில் பறக்கவல்ல விமானம் ஒன்றுமில்லை. அவை கரையில் இருந்தன! மறுநாள் காலை வேவு விமானம் ஒன்று இரண்டையும் கண்டுவிட்டது. குண்டுவீச்சு விமானங்கள் கூட்டமாகச் செங்குத்தாய்ப் பாய்ந்தன. ஹெர்மிஸ் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. அடுத்து வாம்பயர் இரண்டாகப் பிளந்தது. உதவிக்கு அழைத்த விமானங்கள் வந்தபோது இரு கப்பல்களும் இல்லை.

ஹெர்மிஸில் 307 பேர் மாண்டனர். வாம்பயரில் இறந்தோர் பத்துப் பேருக்கும் குறைவே. கப்பல் தலைவர் மோரன் அவர்களுள் ஒருவர். அருகே வந்த 'வீட்டா' என்னும் மருத்துவக் கப்பலை ஜப்பானியர் தாக்கவில்லை. அது ஏறத்தாழ 600 பேரை நீரிலிருந்து எடுத்துக் கொழும்பில் சேர்த்தது. சிலர் நீந்தியே கரையேறினர்.