நெட் இல்லாத போனுக்கு அந்த எண் எப்படித் தெரியும்?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம், சித்தப்பா. பழைய போனில் ஜிமெயில் கேள்வி கேட்காமல் திறக்கிறது. புது லேப்டாப்பில் பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் ஆறு இலக்க எண் கேட்கிறது. காரணம் எளிது. போனில் முன்பே நுழைந்ததற்கு அடையாளமாக ஒரு டோக்கன் கிடக்கிறது. லேப்டாப்பில் அது இல்லை. பாஸ்வேர்டு யாருக்கும் கசிந்திருக்கலாம் என்பதால், உங்கள் கையில் இருக்கிற ஒன்றையும் காட்டச் சொல்கிறார்கள்.

எஸ்எம்எஸ்ஸில் எண் வந்தால் யாரோ அனுப்பினார்கள் என்று புரிகிறது. ஆத்தென்டிகேட்டர் செயலியோ நெட்டை அணைத்தாலும் எண் காட்டும்! அதுதான் எனக்குப் பிடித்த இடம். முதல் நாள் ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தீர்களே, அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருந்தது. அதன் ஒரு பிரதி கூகுளிடம், இன்னொன்று உங்கள் போனில். 1970 ஜனவரி 1 முதல் எத்தனை 30 விநாடிகள் கடந்தன என்று இரண்டு பக்கமும் எண்ணி, அதைச் சாவியோடு சேர்த்து ஒரே கணக்கில் போட்டு, விடையிலிருந்து ஆறு இலக்கம் எடுக்கின்றன. நீங்கள் நெல்லையிலும் நான் சென்னையிலும் ஒரே பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு, பேசிக்கொள்ளாமலே இன்றைய திதியைச் சொல்வது மாதிரி. இந்த முறை 2011இல் ஆர்எஃப்சி 6238 என்ற பொது ஆவணமாகவே வெளியானது. கணக்கு ஊருக்கே தெரியும், சாவி மட்டும்தான் ரகசியம். போன் கடிகாரம் நிமிடக்கணக்கில் தப்பினால் எண் செல்லாமல் போவதும் இதனால்தான்.

எஸ்எம்எஸ் இதைவிடப் பலவீனம். உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கியவனுக்கும் அது போய்ச் சேரும். அதற்காகச் செயலியைக் கண்மூடி நம்பவும் வேண்டாம். போலிப் பக்கத்தில் எண்ணைத் தட்டினால், அந்த அரை நிமிடத்துக்குள் திருடன் அசல் பக்கத்தில் அதைப் போட்டுவிடுவான். போனில் கேட்கிறவர் யாராயிருந்தாலும் எண்ணைச் சொல்லாதீர்கள்.

பிரௌசிங் சென்டரில் 'இந்தக் கருவியில் மீண்டும் கேட்காதே' என்ற பெட்டியை டிக் செய்யாதீர்கள். சொந்த லேப்டாப்பில் செய்யலாம். போன் தொலைந்தால்? கூகுள் பத்து பேக்கப் கோடுகள் தரும், ஒவ்வொன்றும் ஒரே முறை செல்லும். பிரிண்ட் எடுத்துப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிற அன்றைக்கு, செயலியில் உள்ள கணக்குகளைப் புதுப் போனுக்கு மாற்றிவிட்டோமா என்று பார்த்த பிறகு கடைக்குக் கிளம்புங்கள்.