லினக்ஸ் நிறுவியாயிற்று, அடுத்து என்ன?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். நிறுவுவது இப்போது பெரிய வேலையில்லை. ஆனால், நிறுவியதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் தடுமாறினால் மனம் விட்டுப்போகும். புதியவர்களுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் லினக்ஸ் மிண்டை வைத்து அந்த ஒரு மணி நேரத்தைப் பார்ப்போம்.

நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவைக் கழற்றிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால், உங்கள் பெயரோடு லாகின் திரை வரும். நிறுவும்போது நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டுதான் இங்கும். அதை ஏற்க மறுத்தால் முதலில் கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். பிறகு கீபோர்டு அமைப்பை. நம் கடைகளில் விற்கும் கீபோர்டுகள் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கில அமைப்பு கொண்டவை. நிறுவும்போது பிரிட்டிஷ் அமைப்பைத் தேர்ந்திருந்தால் @ குறி வேறு விசைக்குப் போயிருக்கும். சரியாக அடித்தாலும் பாஸ்வேர்டு தவறாகிவிடலாம்.

இதே பாஸ்வேர்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. புதியவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்பேன். பாட்டுக் கேட்கலாம், கடிதம் தட்டலாம், திரையின் பின்னணிப் படத்தை மாற்றலாம்; எதற்கும் லினக்ஸ் உங்களைக் கேட்காது. ஒரு மென்பொருளை நிறுவும்போதோ, கணினியின் அடிப்படைக் கோப்புகளில் கைவைக்கும்போதோ மட்டும் பாஸ்வேர்டு கேட்கும். ‘ரூட்’ என்ற முழு அதிகாரக் கணக்கு மிண்டில் பூட்டியே இருக்கிறது. முதல் பயனருக்கு ‘சுடோ’ வழியாக அந்த அதிகாரம் தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் கிடைக்கிறது. எனவே பாஸ்வேர்டு பெட்டி திறந்தவுடன் தட்டிவிடாமல், எந்த நிரல் கேட்கிறது என்று ஒரு வரி படியுங்கள். நீங்கள் எதையும் தொடங்காமலே அது கேட்டால் ரத்து செய்துவிடுங்கள். கட்டளைகளை எழுதும் டெர்மினலில் பாஸ்வேர்டைத் தட்டும்போது மிண்டில் நட்சத்திரக் குறிகள் தெரியும், இன்னொரு லினக்ஸான உபுண்டு 24.04-இல் ஒன்றுமே தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். எழுத்துகள் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும்; அடித்து முடித்து என்டர் தட்டினால் போதும்.

உள்ளே நுழைந்ததும் வரவேற்புச் சன்னல் ஒன்று திறக்கும். அதில் நிறம், தோற்றம் எல்லாம் முதலில் இருக்கும், அவை காத்திருக்கட்டும். நேராக ‘டைம்ஷிஃப்ட்’டுக்குப் போய், கணினி இப்போது இருக்கும் நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாகச் சேமியுங்கள். நாளை ஏதாவது அப்டேட் குழப்பினால் இந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். ஒரு எச்சரிக்கை: டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தைத்தான். உங்கள் புகைப்படங்களும் ஆவணங்களும் இருக்கும் ஹோம் கோப்புறையை அது தானாகச் சேர்ப்பதில்லை. அவற்றுக்கு வெளி ஹார்ட் டிஸ்க்கில் தனிப் பிரதி அவசியம். டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று நம்பிக் குடும்பப் படங்களை இழந்துவிடக் கூடாது.

அதன் பிறகு அப்டேட் மேனேஜர். வலது கீழ் மூலையில் கேடயச் சின்னமாக இருக்கும். மிண்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. இயங்குதளத்தின் மையமான கெர்னல் மாறியிருந்தால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டோ, பிராட்காம் வைஃபையோ இருந்தால் டிரைவர் மேனேஜரையும் திறக்க வேண்டும். வைஃபை டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும் என்ற சிக்கல் வந்தால், மொபைலை யூஎஸ்பி கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள்.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் வரலாம்: விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். பேட்டரி போகவில்லை. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படிக்கிறது. இரண்டில் ஒன்றின் அமைப்பை மாற்றினால் தீரும்.

கடைசியாகத் தமிழ். படிக்க எதையும் தனியாக நிறுவத் தேவையிருக்காது. எழுதத்தான் ஏற்பாடு வேண்டும். கீபோர்டு அமைப்புகளின் பட்டியலிலேயே தமிழ் தென்படும், அதைத் தேர்ந்து பலர் ஏமாறுகிறார்கள். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினாலே ‘அம்மா’ வந்துவிடும். புள்ளியும் துணைக்காலும் தாமாக அமையும். ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டும் அறிந்த சாதாரணக் கீபோர்டு அமைப்பால் இது முடியாது. சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஐபஸ்-எம்17என்’ என்ற தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். லாக் அவுட் செய்து மறுபடி நுழைந்து, ஐபஸ் அமைப்புகளில் தமிழுக்குக் கீழே தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். டைப்ரைட்டர் பழகியவர்களுக்கும், ஆங்கில ஒலிப்பில் தட்டுபவர்களுக்கும் உரிய முறைகளும் அதே பட்டியலில் இருக்கின்றன.