கிராமங்கள் பிரிந்து நகராட்சி ஆவது எப்படி?

தாணே மாவட்டத்தின் கல்யாண்–டோம்பிவலி வட்டாரம் நம்மவர் பலர் நெடுங்காலமாகக் குடியேறி வாழும் பகுதியாகும். மும்பையின் வாடகை தாளாத குடும்பங்கள் ரயில் பாதையை ஒட்டி நகர்ந்து அங்கே வீடு தேடின. அந்நகரைச் சூழ்ந்த 27 கிராமங்களிலும் வயல்கள் மறைந்து அடுக்கு மாடிகள் எழுந்தன. வீடு வாங்கும்போது பத்திரத்தையும் வில்லங்கத்தையும் ஆராயும் நாம், அவ்வீடு எந்த ஊராட்சிக்கு அல்லது நகராட்சிக்கு உட்பட்டது என்பதை அவ்வளவாக ஆராய்வதில்லை. அது ஒரு முறை தீர்ந்தால் என்றென்றும் தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். உண்மை அவ்வாறில்லை.

இந்த 27 கிராமங்களின் வரலாற்றையே பாருங்கள். 1983-இல் கல்யாண் மாநகராட்சி தோன்றியபோது இவை அதனுள் சேர்க்கப்பட்டன. 2002-இல் விலக்கப்பட்டன. 2015 ஜூன் மாதம் மீண்டும் சேர்க்கப்பட்டன. 2020 ஜூன் மாதத்தில் 18 கிராமங்களை மட்டும் பிரித்து, 'கல்யாண் உபநகர்' என்னும் தனி நகராட்சியை அமைப்பதாக மாநில அரசு அறிவித்தது. எஞ்சிய 9 கிராமங்கள் மாநகராட்சியிலேயே விடப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவினையைச் செல்லாதென்று தள்ளிவிட்டது.

பிரிய விரும்புவோரின் குறை எளிதில் விளங்கும். மாநகராட்சியில் சேர்ந்ததும் வரி உயர்கிறது. குடிநீரும் சாலையும் சாக்கடையும் அதே வேகத்தில் வருவதில்லை. மாநகராட்சியின் நியாயத்தையும் நாம் தள்ளிவிட இயலாது. புதிய கட்டடங்கள் தரும் வருவாயை இழந்துவிட்டுப் பழைய நகரை மட்டும் எவ்வாறு பேணுவது என்று அது கேட்கிறது.

இவ்வழக்கைத் தீர்க்கச் சட்டம் ஒரு வழி வகுத்திருக்கிறது. 1993 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, மக்கள் தொகை, நெருக்கம், உள்ளாட்சிக்குரிய வருவாய், வேளாண்மையல்லாத தொழில்களில் உள்ளோரின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம் முதலியவற்றைக் கருதியே ஓரிடத்தை நகராட்சியாக அறிவிக்கவேண்டும். 1965-ஆம் ஆண்டு மகாராஷ்டிர நகராட்சிச் சட்டம் முதலில் வரைவு அறிவிக்கை வெளியிடச் சொல்கிறது. அதன்மீது மக்கள் கலெக்டருக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க 30 நாட்களுக்குக் குறையாத அவகாசம் உண்டு. மாநகராட்சியின் எல்லையைக் குறைப்பதற்கோ, அந்த மாநகராட்சியைக் கலந்தாலோசித்தல் வேண்டும் என்பது மற்றொரு சட்டத்தின் கட்டளை.

18 கிராமங்களின் வழக்கு இக்கட்டளையின்மீதே நின்றது. கலந்தாலோசனை முறைப்படி நடைபெறவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். பிரிப்பது நன்றா, தீதா என்பதற்கு முன்பாக, கேட்கவேண்டியவரைக் கேட்டார்களா என்ற வினா எழுகின்றது. கேட்பது வெறும் சடங்கன்று என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

பிரிவினை நிறைவேறிய இடமும் உண்டு. 2017-இல் புனே மாநகராட்சியோடு இணைந்த 11 கிராமங்களுள் உருளி தேவாச்சியும் புர்சுங்கியும், வரிச்சுமை பற்றிய முறையீடுகளுக்குப் பின்னர், 2024 செப்டம்பரில் தனி நகராட்சியாயின. ஆயினும் தனிக் குடித்தனம் தொடங்குவோர்க்கு அடுப்பும் பாத்திரமும் வேண்டுமல்லவா? குழாய்கள் யாருடையவை, ஊழியர் யார் பக்கம், பழைய வரிப்பாக்கி யாருக்குரியது என்பன புதிய நகராட்சி எதுவும் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்குகளாம்.

அயலூரில் வாழும் நமக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். வரைவு அறிவிக்கை மராத்தி நாளிதழ்களில் வரும். பிறகு 30 நாட்கள் ஓசையின்றிக் கழியும். ஆகவே, வரி ரசீதுகளைப் பத்திரப்படுத்துவோம். வாக்காளர் பட்டியலில் நம் பெயர் எந்த வார்டில் இருக்கிறதென்று பார்த்துக்கொள்வோம். மராத்தி அறிந்த அண்டை வீட்டாரோடு கூடி, அறிவிக்கையைப் படித்து, ஆதரவாயினும் ஆட்சேபமாயினும் காரணங்களோடு எழுதிக் கொடுத்து, அதற்கு ரசீதும் பெறுவோம். எல்லைக்கோடு எங்கு வரையப்பட்டாலும், அக்கோட்டுக்குள் வாழப்போகிறவர்கள் நாமும் நம் மக்களுமே.