நின்றுபோன சர்வரை மீட்கும் முறை

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் பாவு முழுவதையும் அறுத்து எறிவதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து, முடிச்சிட்டு, மீண்டும் நெய்யத் தொடங்குகிறார். சங்கக் கணக்குகளைத் தாங்கி நிற்கும் கணினி நின்றுபோனாலும் கைக்கொள்ளத்தக்க முறை இதுவே. மின்சாரம் தடைப்பட்டு, மீண்டும் வந்த பின்னரும் சர்வர் எழவில்லையானால், சேமிப்பு, கடன், நூல் இருப்பு, பங்குத்தொகை ஆகிய கணக்குகள் யாவும் அழிந்தன என்று அஞ்ச வேண்டுவதில்லை. சர்வர் தொடங்காமை வேறு. கணக்கு அழிதல் வேறு. முன்னது நேர்ந்தபோது, பதற்றத்தால் பின்னதை நாமே வருவித்துக்கொள்ளாதிருத்தல் வேண்டும்.

வர்ச்சுவல் சர்வர் என்பது யாது?

முன்னர் ஒரு சர்வர் என்றால் ஒரு தனி இயந்திரம் என்பதே பொருள். இன்றோ, ஒரு பெரிய இயந்திரத்திற்குள் மென்பொருளின் துணையால் பல சர்வர்கள் இயங்குகின்றன. ஒரு கிணற்று நீரை முறை வைத்துப் பல வயல்களுக்குப் பாய்ச்சுவது போல, அத்தாய் இயந்திரத்தின் உழைப்பு நேரம் அவற்றுக்குப் பங்கிடப்படுகிறது. இவையே வர்ச்சுவல் சர்வர்கள். இத்தகைய சர்வரின் வட்டு, பெரும்பாலும் தாய் இயந்திரத்தின் சேமிப்பகத்திலுள்ள ஒரு பெரிய கோப்பேயாகும். ஆதலின் அதைப் பிரதி எடுக்கலாம். வேறொரு சர்வரோடு இணைத்துத் திறந்தும் பார்க்கலாம். மீட்பு வேலை முழுவதும் இவ்வசதியை ஆதாரமாகக் கொண்டதே.

பழுது நேர்வது எங்ஙனம்?

எழுதச் சொன்ன செய்தியைக் கணினி உடனே வட்டில் எழுதிவிடுவதில்லை. சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்து பின்னரே எழுதுகிறது. அவ்வேளையில் மின்சாரம் நின்றால் எழுத்து பாதியில் நின்றுவிடும். இதற்குப் பரிகாரமாக, லினக்ஸில் வழங்கும் ‘எக்ஸ்ட்4’ போன்ற கோப்பு முறைகள் ஒரு குறிப்பேட்டை வைத்துள்ளன. சிட்டாவில் குறித்துக்கொண்டு பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவது போல, கோப்புகளின் அமைப்பில் செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் அதில் குறித்துக்கொள்கின்றன. மின்சாரம் திரும்பியதும் அதைப் பார்த்து, விட்டுப்போனதை நிறைவு செய்கின்றன. போஸ்ட்கிரெஸ் முதலிய தரவுத்தளங்களுக்கும் இத்தகைய குறிப்பேடு தனியே உண்டு. ஆதலால் பெரும்பாலும் சர்வர் தானாகவே எழுந்துவிடும். வட்டில் இடம் போதவில்லை என்று கருதி, அக்குறிப்பேட்டுக் கோப்புகளைக் கையால் அழிப்பது பெருந்தவறு.

மீட்கும் வரிசை

தானாக எழாத சர்வரைக் கீழிருந்து மேலாகச் சோதிக்க வேண்டும். முதலில் தாய் இயந்திரம் எழுந்ததா, அதன் சேமிப்பகம் இணைந்ததா, அதில் இடம் மிச்சம் உண்டா என்று பார்க்க. சேமிப்பகம் ஆயத்தமாகும் முன் தாய் இயந்திரம் எழுந்துவிட்டால், வட்டுக் கோப்பைக் காணாமல் சர்வர் தொடங்க மறுக்கும். இங்கே பழுது ஒன்றுமில்லை. சேமிப்பகம் இணைந்த பின் மறுபடி தொடங்கினால் போதும்.

இரண்டாவதாக, சர்வரின் திரையில் தோன்றும் செய்தியை ஒரு தாளில் எழுதிக்கொள்க. எந்தப் படியில் நின்றது என்பதை அதுவே கூறும். லினக்ஸில், தொடக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியல் ‘எஃப்ஸ்டாப்’ என்னும் கோப்பில் உள்ளது. அதில் குறித்த வட்டு ஒன்று இல்லையெனில், சர்வர் வழக்கமாக 90 விநாடிகள் காத்திருந்து, பின்னர் அவசர நிலையில் நின்றுவிடும். அவ்வட்டு இனித் தேவையில்லாததாயின், திருத்த வேண்டியது பட்டியலின் அந்த ஒரு வரியையே, வட்டை அன்று.

மூன்றாவதாக, எதையும் பழுதுபார்க்கும் முன், சர்வரை முழுவதும் நிறுத்தி, வட்டுக் கோப்பை வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். பழுதுபார்க்கும் கருவிகள் வட்டில் எழுதுபவை. அவை தவறினால் திரும்பிச் செல்ல வழி இப்பிரதி ஒன்றுதான்.

நான்காவதாக, கோப்பு முறையே கெட்டிருப்பின், ‘எஃப்.எஸ்.சி.கே.’ என்னும் கருவியை முதலில் எதையும் மாற்றாமல் பார்வையிட மட்டும் ஏவி, பின்னரே திருத்தச் சொல்ல வேண்டும். இணைக்கப்பட்டு உபயோகத்தில் இருக்கும் வட்டின்மீது அதை ஒருபோதும் ஏவலாகாது.

சர்வர் எழுந்துவிட்டதனால் வேலை முடிந்ததாகாது. தடைக்கு முன் கடைசியாகப் போட்ட ரசீதுகளை எடுத்து, அவை கணக்கில் ஏறியுள்ளனவா என்று ஒப்பிட்டபின்பே அன்றைய வரவு செலவைத் தொடங்க வேண்டும்.

உலகறிந்த ஓர் உதாரணம்

2024 ஜூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் விண்டோஸ் கணினிகளுக்குப் பிழையான கோப்பு ஒன்றை அனுப்பிவிட்டது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றும், ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. தொடங்கும்போதே நின்றுவிட்டமையால், அவற்றுள் பல திருத்தத்தைப் பெற்றுக்கொள்ளவும் இயலாதிருந்தன. ஆனால் செய்ய வேண்டியதோ, அந்த ஒரு கோப்பை நீக்குவதே. தொலைவிலிருந்த வர்ச்சுவல் சர்வர்களுக்கு ஒரு வழி காணப்பட்டது. நின்ற சர்வரின் வட்டைக் கழற்றி, நலமாயுள்ள சர்வரோடு இணைத்து, பிழைக் கோப்பை நீக்கி, பழைய இடத்தில் மீண்டும் பூட்டினார்கள். உள்ளே இருந்த கணக்குகள் அப்படியே இருந்தன. பிட்லாக்கர் முறையால் பூட்டப்பட்ட வட்டுகளுக்கு மட்டும் 48 இலக்கத் திறவெண் தேவைப்பட்டது. பெட்டகத்தின் சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே வைப்பது எவ்வளவு பேதைமையோ, அத்திறவெண்ணை அதே சர்வரில் மட்டும் வைத்திருப்பதும் அவ்வளவு பேதைமையே.

அங்கத்தினர் கடமை

எந்த வரிசையாலும் மீளாத இழப்பும் உண்டு. 2021 மார்ச் 10-ஆம் நாள், பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீக்கு இரையாயிற்று. வேறிடத்தில் பிரதி வைத்திருந்தோர் மீண்டனர். அவ்வளாகத்திலேயே எல்லாவற்றையும் வைத்திருந்தோரில் பலர் இழந்தனர்.

ஆகவே அங்கத்தினர்கள் தங்கள் நிர்வாகக் குழுவை மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கணக்கின் பிரதி கடைசியாக எடுக்கப்பட்டது எப்பொழுது? அது வேறு ஊரில் ஓரிடத்தில் உள்ளதா? அப்பிரதியிலிருந்து கணக்கை மீட்டுப் பார்த்தது எப்பொழுது? மீட்டுப் பாராத பிரதி, எண்ணிப் பாராத பணமுடிப்புக்கு ஒப்பாகும். கணக்கு நம் உழைப்பின் பதிவு. அதைக் காக்கும் பொறுப்பு கணினி அறிந்த ஒருவருடையது மட்டுமன்று, நம் அனைவருடையதுமாகும்.