டைல்ஸ் சந்தில் எதைப் பூசுவது?

மாடி வீட்டில் ஒரு குளியலறை. அதற்கு நேர் கீழே, கீழ் வீட்டுக் கூரையில் ஈரக்கறை. பூச்சு பெயர்ந்து விழுகிறது.

"உங்க வீட்டுத் தண்ணிதான் தம்பி" என்கிறார் கீழ் வீட்டு அம்மா.

"ரெண்டு தடவை மூலையில வெள்ளை சிமெண்ட் பூசியாச்சும்மா" என்கிறார் மாடி வீட்டுக்காரர்.

இரண்டு முறையும் அதே இடத்தில் வெடிப்பு விழுந்தது. கூலிதான் வீண். காரணம் என்ன?

டைல்ஸ் சந்தை அடைக்க இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று கிரவுட். இது சிமெண்ட் கலந்த பொடி. தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூச வேண்டும். காய்ந்தால் கல் போல் இறுகும். வளையாது. வெள்ளை சிமெண்ட்டும் அப்படித்தான்.

மற்றொன்று சிலிகான். இது டியூபில் வரும் பசை. காய்ந்த பிறகும் ரப்பர் போல் நெகிழும்.

சுவரும் தரையும் வெயிலில் சற்று விரியும். குளிரில் சற்றுச் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது. சுவர் ஒரு பக்கம் அசையும். தரை ஒரு பக்கம் அசையும். இரண்டும் கூடும் மூலையில் இறுகிய பொருள் இருந்தால் வெடிக்கும். அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கும். நாளடைவில் கூரைக் கம்பி துருப்பிடிக்கும்.

ஆகவே இதை நினைவில் வையுங்கள்:

தரையில் டைலுக்கும் டைலுக்கும் நடுவே கிரவுட். சுவரிலும் அப்படியே.

தரையும் சுவரும் கூடும் மூலையில் சிலிகான். இரண்டு சுவர்கள் கூடும் மூலையிலும், வாஷ்பேசின் சுவரைத் தொடும் இடத்திலும் சிலிகான்.

பூசும் முறையும் முக்கியம். பழைய பூச்சை முழுவதும் சுரண்டி எடுங்கள். அழுக்கைத் துடையுங்கள். நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தில் சிலிகான் ஒட்டாது. பழைய சிலிகான் மேலும் புதியது ஒட்டாது. பூசியபின் ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. சன்னலைத் திறந்து வையுங்கள். கிரவுட் குழைக்கும்போது கையுறை அணியுங்கள். சிமெண்ட் தோலை அரிக்கும்.

ஒரு எச்சரிக்கை. யாரும் குளிக்காத நாளிலும் கீழே சொட்டுகிறதா? அப்படியானால் குழாயில் கசிவு இருக்கலாம். முதலில் பிளம்பரை அழையுங்கள். டைல்ஸுக்கு அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டிருந்தாலும், மேலே எதைப் பூசியும் பயன் இல்லை.

அசையாத இடத்துக்குக் கிரவுட். அசையும் இடத்துக்குச் சிலிகான். இது தெரிந்தால் கூலியும் மிஞ்சும்; அக்கம்பக்கத்து உறவும் மிஞ்சும்.

உங்கள் வீட்டுக் குளியலறை மூலையில் என்ன பூசியிருக்கிறது? இன்றே பாருங்கள்.