வேலை கிடைக்கவில்லை... விண்ணப்பமும் தாமதம்... கடைசியில் எம்.ஏ புள்ளியியலில் சேர்ந்தவர் என்ன ஆனார்?

1940-ம் ஆண்டு. ராணுவ சர்வே பிரிவில் கணிதம் படித்தவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, விசாகப்பட்டினத்திலிருந்து கொல்கத்தாவுக்கு ரயிலேறிப் போயிருந்தார் அந்த இளைஞர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணித முதுகலையை முதல் வகுப்பில் முடித்தவர். அங்கேயே ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிப் படிப்பைத் தொடரலாம் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால், விண்ணப்பம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் அது கிடைக்கவில்லை. கொல்கத்தா வேலையும் கிடைக்கவில்லை.

தென்னிந்தியர்கள் தங்கும் விடுதி ஒன்றில் இருந்தபோது, அங்கிருந்த இன்னொருவருடன் பழக்கம் ஏற்பட்டது. 'நான் இங்கே புள்ளியியல் பயிற்சிக்காக வந்திருக்கிறேன்' என்று அவர் சொல்ல, 'அப்படியென்றால் என்ன?' என்று பார்க்கப் போனார் நம் இளைஞர். போன இடம், பிரசிடென்சி கல்லூரியில் பி.சி.மஹலனோபிஸ் என்ற இயற்பியல் பேராசிரியர் 1931-ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம்.

1941 ஜனவரி 1-ம் தேதி அங்கே பயிற்சியில் சேர்ந்தார். அதே ஆண்டின் நடுவில் கல்கத்தா பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல்முறை. முதல் பேட்ச் மாணவராக அதில் சேர்ந்துவிட்டார். அவர்தான் சி.ஆர்.ராவ்.

இன்றைக்கு 'டேட்டா சயின்ஸ்' என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் தலையாட்டுவார்கள். 1941-ல் 'புள்ளியியலில் எம்.ஏ' என்று சொன்னால் அதற்கு என்ன வேலை கிடைக்கும் என்று சொல்ல யாருமே இல்லை. அதிலும் ஏற்கெனவே ஒரு முதுகலை முடித்த பிள்ளை, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பத்துப் பிள்ளைகள் பெற்ற வீட்டில் எட்டாவதாகப் பிறந்தவர் ராவ். கிருஷ்ணனும் எட்டாவது என்பதால் ராதாகிருஷ்ணன் என்று பெயர் வைத்தார்களாம். சின்ன வயதில் தினமும் விடியற்காலை 4 மணிக்கு எழுப்பி, எண்ணெய் விளக்கேற்றி வைத்து, படிக்க உட்கார வைத்தவர் அம்மா. பல வருடங்கள் கழித்து எழுதிய ஒரு புத்தகத்தின் சமர்ப்பணத்தில், அந்த விளக்கை மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார் ராவ்.

1943-ல் 87 சதவிகித மதிப்பெண்ணுடன், தங்கப் பதக்கத்துடன் தேறினார்.

ஒரு பானை சோறு... எந்தச் சோறு?

சரி, இந்தப் படிப்பில் அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? கணிதத்தில் கேள்வி தாளிலேயே இருக்கும். பயன்பாட்டுப் புள்ளியியலில் கேள்வி வயல்வெளியில் இருக்கும், ஆஸ்பத்திரியில் இருக்கும், தொழிற்சாலையில் இருக்கும். அங்கிருந்து எண்களை எப்படி எடுத்து வருவது என்பதுதான் பாதிப் படிப்பு.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று நம் வீடுகளில் சொல்வதுதான் மாதிரிக் கணக்கெடுப்பின் அடிப்படை. ஆனால், புள்ளியியல் மாணவர் அதோடு விடமாட்டார். மேலே இருந்த சோறா, அடியில் இருந்ததா, கிளறிவிட்டு எடுத்ததா என்று கேட்பார். விறகடுப்பில் சமைத்த பாட்டிகளுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் புரியும்.

மஹலனோபிஸ் குழு அந்தக் காலத்தில் வங்காளத்தின் சணல் வயல்களில் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. எல்லா வயலையும் அளக்காமல், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில இடங்களை மட்டும் அளந்து, மாகாணம் முழுவதற்கும் கணக்குச் சொல்வது. மகசூலைக் கண்டுபிடிக்க, வயலுக்குள் ஒரு சிறு பகுதியைக் குறித்து, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். இதில் ஒரு வினோதம் தெரியவந்தது. குறிக்கும் பகுதி சின்னதாக ஆக ஆக, மகசூல் கூடுதலாகத் தெரிந்தது!

காரணம் எளிமையானது. கோட்டின் மேலேயே நிற்கும் பயிரை என்ன செய்வது? அறுப்பவர் பெரும்பாலும் உள்ளே சேர்த்துக்கொள்வார். பெரிய பகுதியில் ஓரத்துப் பயிர்கள் ஒரு பொருட்டில்லை. சின்னப் பகுதியில் அவைதான் கணக்கையே மாற்றுகின்றன. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் எண் பொய் சொல்கிறது.

இது ஏதோ பழைய வங்காளத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். இன்று பயிர்க் காப்பீட்டு இழப்பீடு முடிவாவது பெருமளவு இதே பயிர் அறுவடைப் பரிசோதனையை வைத்துத்தான். நெல் வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போடுகிறார்கள். ஒரு சில வயல்களில் வரும் எடையிலிருந்துதான் அந்தப் பகுதியின் சராசரி மகசூல் கணக்காகிறது. ஓரத்துக் கதிர்கள் கூடுதலாக உள்ளே வந்தால் மகசூல் அதிகம் என்று பதிவாகும், இழப்பீடு குறையும். வெள்ளத்தில் பயிரை இழந்த டெல்டா விவசாயிக்கு அந்தக் கயிறு எங்கே விழுகிறது என்பது சாதாரண விஷயமல்ல.

ராவ் பட்டம் வாங்கிய 1943 வங்கப் பஞ்சத்தின் ஆண்டும்கூட. லட்சக்கணக்கானவர்கள் இறந்தார்கள். எத்தனை குடும்பங்கள் நிலத்தை விற்றன, எத்தனை வீடுகளில் உழவுமாடு போனது என்பதையெல்லாம் பஞ்சத்துக்குப் பிறகு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்திப் பதிவுசெய்தது மஹலனோபிஸ் குழுதான்.

எலும்புகளோடு இரண்டு வருடம்

1946-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஓர் அழைப்பு. சூடானில் ஜெபல் மோயா என்ற இடத்தில், மருந்து வியாபாரத்தில் பெரும் பணக்காரரான ஹென்றி வெல்கம் முதல் உலகப்போருக்கு முன்பு தோண்டியெடுத்த பழங்கால எலும்புகள் அங்கே அருங்காட்சியகத்தில் கிடந்தன. அந்த மக்கள் யார், யாரோடு நெருங்கியவர்கள் என்று சொல்ல வேண்டும். அதற்குத் தேவைப்பட்டது மஹலனோபிஸ் 1936-ல் வெளியிட்ட 'தூர'க் கணக்கு. ராவ் அனுப்பிவைக்கப்பட்டார்.

அந்தக் கணக்கின் சாரம் இதுதான். உயரமானவருக்குக் காலும் நீளமாகத்தான் இருக்கும். உயரத்தையும் கால் நீளத்தையும் தனித்தனி வித்தியாசமாகக் கூட்டினால், ஒரே விஷயத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். ஒன்றோடொன்று தொடர்புள்ள அளவுகளை அதற்கேற்பக் கழித்துப் பார்த்தால்தான் இரண்டு கூட்டத்துக்கு நடுவே உள்ள உண்மையான தூரம் தெரியும். எலும்புகளை அளந்துகொண்டே, புள்ளியியலின் பெரும்புள்ளியான ஆர்.ஏ.ஃபிஷரிடம் ஆராய்ச்சி மாணவராகவும் சேர்ந்தார் ராவ். ஃபிஷரின் மரபியல் ஆய்வுக்கூடத்தில் எலி வளர்க்கும் வேலையும் பார்த்தார். 1948-ல் டாக்டர் பட்டம்.

ஆனால், அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது அதற்கு முன்பே, கொல்கத்தா வகுப்பறையில் நடந்த ஒரு சம்பவம். படிப்பு முடிந்த கையோடு அதே பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்க ஆரம்பித்திருந்தார். தரவு ஏராளமாக இருக்கும்போது ஒரு மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்ற ஃபிஷரின் முடிவை ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தார். 'தரவு கொஞ்சமாக இருந்தால்?' என்று கேட்டார் ஒரு மாணவர். பின்னாளில் பெயர்பெற்ற பொருளியலாளரான வி.எம்.தாண்டேகர். ராவிடம் உடனே பதில் இல்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து, மறுநாள் விடையோடு வகுப்புக்கு வந்தார்.

எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டாலும், கையில் இருக்கும் தரவு தரக்கூடிய துல்லியத்துக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லை இதுதான் என்பதே அந்த விடை. 1945-ல் கட்டுரையாக வந்தது. ஸ்வீடனின் ஹரால்டு கிராமரும் தனியாக இதே முடிவுக்கு வந்ததால், 'கிராமர்-ராவ்' என்று இருவர் பெயரிலும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. இன்று புள்ளியியல் முதுகலை படிக்கும் எந்த மாணவரும் இதைத் தாண்டாமல் போக முடியாது. அந்த 1945 கட்டுரைக்காக 2023-ல் ராவுக்குச் சர்வதேசப் புள்ளியியல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 102. அதே வருடம் ஆகஸ்டில் அமெரிக்காவில் காலமானார்.

இந்தக் கதையில் ஒரு சென்னைக்காரரும் உண்டு. மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஹானர்ஸ் படித்த எஸ்.ஆர்.எஸ்.வரதன், தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டுக்கான புள்ளியியலைக் கற்றுக்கொள்ளும் எண்ணத்தோடுதான் கொல்கத்தா போனார். அங்கே நண்பர்கள் நிகழ்தகவுக் கோட்பாட்டின் பக்கம் இழுத்துவிட்டார்கள். ராவிடம் ஆராய்ச்சி முடித்த அவருக்கு 2007-ல் ஏபெல் பரிசு கிடைத்தது. கணக்குப் பாடத்தில் நோபல் இல்லாத குறையைத் தீர்க்கும் பரிசு.

எல்லோரும் ராவோ வரதனோ ஆகப்போவதில்லைதான். மாதிரிக் கணக்கெடுப்பு, சோதனை வடிவமைப்பு, ரிக்ரஷன் ஆகியவற்றோடு இன்றைய மாணவர் 'ஆர்', பைத்தான் என்று கம்ப்யூட்டரிலும் கை பழக வேண்டும். நிறைய நேரம் போவது சூத்திரத்தில் அல்ல. வயது என்ற கட்டத்தில் 230 என்று யாரோ அடித்துவைத்திருப்பதைக் கண்டுபிடித்து, 23-ஆ 30-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வதில்தான். மருந்து நிறுவனங்கள், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்களில் வேலை இருக்கிறது. யு.பி.எஸ்.சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி-யும் புள்ளியியல் பணியிடங்களுக்கு ஆள் எடுக்கிறது.

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட் படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.டி-களில் சேர 'ஜாம்' தேர்வில் கணிதப் புள்ளியியல் தாளை எழுத வேண்டும். அந்தத் தேர்வு வழக்கமாக பிப்ரவரியில்தான் நடக்கும். ஆனால், விண்ணப்பிப்பது முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். இளங்கலை கடைசி வருடம் தொடங்கும்போதே தேதியைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.