இலைக்குள் வாழும் ஈயும் அதன் பெயரும்

கரோல் பாக்கையொட்டிச் செல்லும் பெருஞ்சாலைக்குப் பூஸா சாலை என்று பெயர். பூஸா தில்லியைச் சேர்ந்த ஊரன்று, பீகாரில் உள்ளது. 1905-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்ட விவசாய ஆராய்ச்சி நிலையம் 1934 ஜனவரியில் நேர்ந்த பூகம்பத்தில் இடிந்தது. 1936-இல் அது கரோல் பாக்கிற்கு மேற்கேயுள்ள நிலப்பரப்புக்கு மாற்றப்பட்டபோது ஊரின் பெயரும் உடன் வந்துவிட்டது. அந்நிலையத்தின் பூச்சிச் சேகரம் இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கொண்டு, தேசிய பூஸா சேகரம் என வழங்குகிறது. தம் வயலிற் கண்ட பூச்சி இன்னதென்று அறிய விரும்புவோருக்கு இது போன்ற சேகரமே புகலிடம். இலைத்துளைப்பான் ஈயின் வரலாற்றைக் கொண்டு இதன் பயனை நன்கு உணரலாம்.

குளிர்காலத்தில் தில்லியைச் சுற்றியுள்ள பட்டாணி வயல்களில் இலைகளின்மீது வெண்ணிறக் கோடுகள் வளைந்து நெளிந்து ஓடக் காணலாம். ஏதோ நோய் என்றே எண்ணத் தோன்றும். உண்மையில் அவை சுரங்கங்கள். ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள பெண் ஈ, முட்டையிடும் உறுப்பால் இலையைக் குத்திச் சாற்றை அருந்துகிறது. சில துளைகளில் முட்டையும் இடுகிறது. குத்தும் கருவி வாய்க்கப்பெறாத ஆண் ஈயோ, பெண் இட்ட துளையிலேயே சாறு பருகிக் காலந்தள்ளுகிறது! முட்டையிலிருந்து வெளிவரும் புழு, இலையின் இரு தோல்களுக்கும் இடையேயுள்ள பச்சைத் திசுவைத் தின்றுகொண்டே முன்னேறும். அதன் உடல் பருக்கப் பருக்கச் சுரங்கமும் அகலும்.

இத்தகைய ஈக்கள் அக்ரோமைசிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை ஒரு சில தாவரங்களிலேயே வாழ்வதால், செடியைச் சொன்னால் ஈயை ஓரளவு ஊகிக்கலாம். பட்டாணி ஈயின் திறத்தில் இந்த ஊகம் செல்லாது; கடுகு, பூச்செடிகள் எனப் பல குடும்பத்துத் தாவரங்களிலும் அது வாழ்கிறது.

நெடுங்காலம் இந்த ஈ பைட்டோமைசா அட்ரிகார்னிஸ் என்ற பெயராலேயே நூல்களிற் குறிக்கப்பட்டது. ஐரோப்பாவில் சாமந்தியைக் கெடுக்கும் ஈயும் அதே பெயரைத் தாங்கியிருந்தது. 1967-இல் கிரிஃபித்ஸ் என்னும் பூச்சியியலார் ஆண் ஈக்களின் பிறப்புறுப்பை ஒப்பிட்டாராய்ந்து, ஒரு பெயரின்கீழ் இரண்டு இனங்கள் மறைந்திருந்தமையைத் தெளிவாக்கினார். சாமந்தி ஈ பைட்டோமைசா சின்ஜெனீசியே. நம் பட்டாணி ஈ பைட்டோமைசா ஹார்ட்டிகோலா. புறத்தோற்றத்தில் இவை இரட்டைப் பிள்ளைகளே. பின்னர் இவை குரோமட்டோமைசா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டு, மரபணு ஆராய்ச்சியின் பயனாய் மீண்டும் பழைய பேரினத்துக்கே திரும்பியது வேறு கதை. 1973-இல் ஆக்ராவின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி, இந்தியாவின் அக்ரோமைசிடே ஈக்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டது.

பிறப்புறுப்பை ஆராயும் முறை பொறுமையைச் சோதிப்பது. ஆண் ஈயின் வயிற்றுப் பகுதியைத் துண்டித்துப் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் இலேசாகச் சூடாக்குவர். மெல்லிய தசை கரைந்து, கடினமான உறுப்புகள் எஞ்சும். அவற்றைக் கிளிசரினில் இட்டு மைக்ராஸ்கோப்பின் வழியே நோக்குவர். பின்னர் ஒரு சிறு குப்பியிலடைத்து, அதே ஈயைத் தாங்கும் ஊசியிலேயே செருகிவைப்பர். ஈயும் அதன் துண்டும் பிரிந்துவிடின் இரண்டும் பயனற்றவை.

இத்தனை நுட்பம் விவசாயிக்கு எதற்கு என்று கேட்கலாம். 1990-களின் தொடக்கத்தில் லிரியோமைசா டிரைஃபோலியை என்னும் அமெரிக்க ஈ இந்தியாவில் தென்பட்டு, விரைவில் ஆமணக்கு, தக்காளி, பருத்தி முதலிய பயிர்களிற் பரவியது. மஞ்சளும் கருமையும் கலந்த அதன் உடலைக் கொண்டு பட்டாணி ஈயினின்று அதைப் பிரித்தறிவது எளிது. அதன் உறவினங்களினின்று பிரிப்பதற்கோ மீண்டும் ஆண் உறுப்பையே நாடவேண்டும். பட்டாணி ஈயின் புழு இலைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. ஆகவே தாக்குண்ட இலைகளைக் கிள்ளி எரித்தால் ஈயும் அழியும். டிரைஃபோலியையின் புழுவோ பெரும்பாலும் இலையைக் கிழித்து வெளிவந்து மண்ணில் விழுகிறது. புழு நீங்கிய இலையை எரித்து ஆவதென்ன? மேலும் பூச்சிக்கொல்லிகள் பலவற்றைத் தாங்கும் ஆற்றல் பெற்றது இந்த ஈ. மருந்து தெளித்தால் அதன் புழுக்களை உண்ணும் சிறு குளவிகள் மடிய, ஈக்கள் முன்னிலும் பெருகுவதுண்டு.

இக்குளவிகள் இனமறியும் வேலையிலும் குறுக்கிடும். சுரங்கமுள்ள இலையைக் கண்ணாடிப் புட்டியிலிட்டு ஈயை எதிர்பார்த்திருப்பவருக்குக் குளவியே கிடைத்தல் அரிதன்று. ஆகவே பல இலைகளைத் திரட்டி வளர்த்தல் வேண்டும். மரபணு வரிசையைக் கொண்டு புழுவையும் பெண் ஈயையுங்கூட இக்காலத்தில் அடையாளங்காண முடிகிறது; ஆனால் அவ்வரிசையை ஒப்பிடுவதற்கு, முன்பே சரியாகப் பெயரிடப்பட்ட மாதிரி ஒன்று இருந்தாக வேண்டும். மாதிரி அனுப்புவோர், கூடுமானவரை ஆண் ஈக்களையும் சேர்த்து, சுரங்கமுள்ள இலையை அழுத்தி உலர்த்தி, செடியின் பெயரும் ஊரும் தேதியும் எழுதி உடன் வைப்பது நலம்.